சூனியப் பழியும் நிலப் பறிப்பும்

2025 ஜூலையில் பீகாரின் பூர்ணியா மாவட்டத்திலுள்ள தேட்கமா கிராமத்தில், ஓர் ஆதிவாசிக் குடும்பத்தின் ஐந்து பேரை ஒரு கூட்டம் அடித்து எரித்துக் கொன்றது. அவர்களில் மூவர் பெண்கள். ஊரில் ஒரு சிறுவன் நோயில் மாண்டான். அதற்கு இவர்கள் வைத்த சூனியமே காரணமாம்! நோய்க்கு மருந்து தேட வேண்டிய ஊர், பழி சுமத்த ஆள் தேடிற்று.

இது புதிதல்ல. 1692-ல் அமெரிக்காவின் சேலம் நகரில் இதே பழி சுமத்தி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். நிலத் தகராறும் குடும்பப் பகையும் அன்றும் அதன் பின்னே நின்றன.

இன்று ஜார்க்கண்டைப் பாருங்கள். கணவன் விட்டுச்சென்ற வயலில் ஆயுளுள்ளவரை உரிமை பெற்ற ஆதிவாசி விதவைமீதே இப்பழி பலமுறை விழுந்திருக்கிறது. அவளைத் துரத்திவிட்டால் நிலம் பங்காளிகளுக்கு! சூனியக்காரி என்ற சொல், பத்திரம் எழுதாமல் நிலம் பறிக்கும் கருவி.

பீகாரில் 1999 முதலே தடைச் சட்டம் உண்டு. ஆயினும் ஐந்து உயிர்கள் போயின. சட்டம் மட்டும் போதாது. கிராமந்தோறும் மருத்துவமனை வேண்டும். பெண்ணின் பெயரில் பட்டா வேண்டும்.

பெரும்பாக்கம் தோழர்களே! ஆலையிலும் வயலிலும் பாடுபடுவோரே! பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் டாக்டரிடம் போங்கள், மந்திரவாதியிடம் அல்ல. நாதியற்ற பெண்மீது இப்பழி எழுந்தால், சங்கம் அவள் பக்கம் நிற்கட்டும்!