புண் ஆறினால் நோய் போனதா?

மறைவிடத்தில் ஒரு புண். வலியில்லை, அரிப்பில்லை. 'உடம்புச் சூடு' என்று தனக்குத் தானே வைத்தியம் சொல்லிக்கொண்டு இளநீர் குடிக்கிறார்கள், எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள் நம் ஆண்கள். அதற்கும் மசியாவிட்டால், மாதம் ஒருமுறை லாட்ஜில் அறை போட்டு உட்காரும் வைத்தியரிடம் ஒரு மண்டலத்துக்கு லேகியம். புண் ஆறிவிடுகிறது. வைத்தியருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். புண் ஆறினால் நோய் போயிற்று என்ற இந்த நம்பிக்கைதான் மேகநோய் என்று ஊரில் சொல்லும் சிபிலிஸை வளர்த்துவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். கிருமி தொற்றியபின் பெரும்பாலும் மூன்று வாரத்தில் புண் தோன்றும். 90 நாள்வரைகூட ஆகலாம். மருந்தே இல்லாமல் அது மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் ஆறிவிடும். மண்டலமோ 48 நாள். லேகியம் தின்றாலும் ஆறும், தின்னாவிட்டாலும் ஆறும். தானாக நடக்கப்போவதற்குத்தான் வைத்தியர் காசு வாங்குகிறார்.

நாட்டு வைத்தியரை மட்டும் பழிப்பது நியாயமல்ல. ஐரோப்பிய டாக்டர்களும் நானூறு ஆண்டு பாதரசத்தைப் பூசியும் புகட்டியும் நோயாளியின் பல்லைக் கொட்டவைத்தார்கள். புண் ஆறியதும் தங்கள் சாமர்த்தியம் என்றார்கள். நார்வேயில் சீசர் போக் என்ற மருத்துவர் பாதரசம் கெடுதல் என்று கருதினார். 1891 முதல் 1910 வரை ஏறக்குறைய இரண்டாயிரம் பேரை, அந்த மருந்தைக் கொடுக்காமல், அறிகுறிகள் மறையும்வரை மருத்துவமனையில் தங்கவைத்தார். மறைந்தன. பின்னாளில் அவர்களைத் தேடி ஆராய்ந்தபோது, சுமார் மூன்றில் ஒருவரை இதயம், மூளை, எலும்பு, தோல் என்று எங்கோ ஓரிடத்தில் நோய் தாக்கியிருந்தது. மற்ற இருவர் தப்பினார்களே, போலி வைத்தியத்துக்குச் சாட்சி சொல்ல ஆள் கிடைப்பது அப்படித்தான்.

புண் ஆறிய சில வாரங்களில் உடம்பில் தடிப்பு வரும், உள்ளங்கை உள்ளங்காலில்கூட. பெரும்பாலும் அரிக்காது. அதுவும் தானே மறையும். நோய் எளிதில் பிறருக்குப் பரவும் காலம் இதுதான். குணமாகிவிட்டதாக நம்புகிறவர் நிம்மதியாக மனைவியிடம் போகிறார்.

பிறகு மாட்டிக்கொண்டால், பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் ஒட்டிக்கொண்டது என்பார்கள். கழிப்பறையிலோ, துண்டிலோ, டம்ளரிலோ இது ஒட்டாது. உடம்புக்கு வெளியே இந்தக் கிருமிக்கு ஆயுள் மிகக் குறைவு. இது பரவுவது புண்ணோடு நேரடியாகப் படுவதால்: வாய்வழி, ஆசனவழி உறவு உட்பட எந்த உடலுறவிலும். வாயில் புண் இருந்தால் முத்தத்திலும் பரவலாம். ஆணுறை பெருமளவு காக்கும், ஆனால் அது மூடிய இடத்தைத்தான். புண் அதற்கு வெளியே இருந்தால் அதனால் பயனில்லை. ஆகவே ஆணுறையோடு ரத்தப் பரிசோதனையும் வேண்டும், இருவருக்கும்.

கர்ப்பிணியிடமிருந்து சிசுவுக்கும் இது போகும். கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு விடிஆர்எல் பரிசோதனை செய்கிறார்கள். 'நான் அப்படிப்பட்டவளா?' என்று கோபப்படும் பெண்ணின் மனம் புரிகிறது. அவள் ஒழுக்கத்தை யாரும் சோதிக்கவில்லை. கணவனின் ஆறிப்போன புண்ணுக்குக் குழந்தை விலை கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எரிச்சலூட்டுவது என்னவென்றால், இதை முழுதாகக் குணமாக்கும் மருந்து 1943 முதல் கையில் இருக்கிறது. ஆரம்பக் கட்டமென்றால் 24 லட்சம் யூனிட் பென்சதைன் பென்சிலின், ஒரே தடவை ஊசி. நாள்பட்டதென்றால் வாரம் ஒன்றாக மூன்று வாரம். மண்டலம் வேண்டாம், பத்தியம் வேண்டாம். ஆனால் கிருமி ஏற்கெனவே கெடுத்த இதயத்தையும் நரம்பையும் பென்சிலினால் திருப்பித் தர முடியாது. குணமானவருக்கு மறுபடி தொற்றவும் செய்யும்; துணைக்குச் சிகிச்சை தராமல் விட்டால் அதுதான் நடக்கும்.

வலிக்காத புண் ஒன்று வந்திருந்தால், அது ஆறி வருஷங்கள் ஆகியிருந்தாலும், அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். துணையையும் அழைத்துப் போங்கள். புண் புதிதென்றால் முதல் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். டாக்டர் மறுபடி வரச் சொன்னால் தவறாமல் போங்கள்.