வலிக்கு எத்தனை வார்த்தை?

மணவாளக்குறிச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போன இடத்தில், அவருக்கே இடுப்பிலிருந்து கால்வரை வலி கண்டுவிட்டதாம். "என்ன மாதிரி வலி?" என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்.

"பெயின், டாக்டர்."

"தெரிகிறது, அம்மா. எப்படிப்பட்ட பெயின்?"

"வெரி பெயின், டாக்டர்!"

அதற்கு மேல் வண்டி நகரவில்லை. "எங்கள் ஊர் வைத்தியரிடம் என்றால் அரை மணி நேரம் சொல்லியிருப்பேன். இங்கிலீஷில் நல்ல வார்த்தைகள் கற்றுக்கொள்ள ஒரு வழி சொல்லுங்கள். தினம் பத்து வார்த்தை மனப்பாடம் செய்தேன். 'மேக்னிஃபிசன்ட்' வரை வந்தாயிற்று. அதை எங்கே உபயோகிப்பது என்றுதான் தெரியவில்லை" என்கிறார்.

சகோதரி, உங்களிடம் வார்த்தைப் பஞ்சம் கிடையாது. அரை மணி நேரம் சொல்லியிருப்பேன் என்கிறீர்களே, அந்த அரை மணி நேரம்தான் உங்கள் சொத்து. அதில் உள்ள ஒவ்வொரு வார்த்தைக்கும் ஆங்கிலத்தில் ஒரு ஜோடி தேடுவதுதான் பாக்கி.

உங்கள் ஊர் மணலையே எடுத்துக்கொள்ளுங்களேன். குளச்சலுக்குப் பக்கத்தில் அந்தக் கரையில் கறுப்பும் சிவப்புமாகக் கிடப்பது, பார்க்கிறவர்களுக்கு வெறும் மணல்தான். கயிற்றில் ஒட்டிக்கொண்டு அது கப்பலேறிப் போயிற்று. 1909-ம் ஆண்டில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த அந்த மணலைத் தட்டி உதறிவிடாமல், இது என்ன என்று ஆராய்ந்தார். அதில் மோனசைட் இருந்தது. மோனசைட்டில் இருக்கும் தோரியம், காஸ் விளக்கு மேண்டிலுக்கு அந்தக் காலத்தில் மிகவும் வேண்டியிருந்த சரக்கு. கல்யாண வீட்டுப் பெட்ரோமாக்ஸில் கட்டுவோமே, அந்த வலைதான் மேண்டில். சில ஆண்டுகளுக்குள் மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்துவிட்டது. இன்றும் அங்கே மத்திய அரசின் ஆலை நடக்கிறது.

இப்போது அந்த ஒரு பிடி மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் என்று எத்தனை பெயர்கள்! கார்னெட் என்ற பெயர் லத்தீனில் மாதுளையிலிருந்து வந்தது. சிவந்த மணியைப் பார்த்த யாருக்கோ மாதுளை முத்து ஞாபகம் வந்திருக்கிறது. மணல் ஒட்டியிருந்த கயிற்றுக்கு ஆங்கிலத்தில் 'காயர்' என்று பெயர். நம் கயிறேதான், மலையாளக் கரை வழியாகப் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டது. கொப்பரை 'கொப்ரா' ஆயிற்று, கட்டுமரம் 'கட்டமரான்' ஆயிற்று. ஆகவே, இங்கிலீஷ் எங்களுக்கு அந்நியம் என்று உங்கள் ஊர்க்காரர்கள் சொன்னால் நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.

மணலை மணல் என்பதோடு விட்டிருந்தால் எப்படியோ, அப்படித்தான் வலியைப் 'பெயின்' என்பதோடு விடுவதும். ரொனால்ட் மெல்சாக் என்ற கனடா நாட்டு அறிஞர், நோயாளிகள் வலியைச் சொல்லும் வார்த்தைகளையெல்லாம் சேர்த்து, 1975-ல் ஒரு கேள்வித்தாளாக வெளியிட்டார். மக்கில் சர்வகலாசாலையின் பெயரால் வழங்கும் அந்தத் தாளில் 78 வார்த்தைகள், 20 பிரிவுகள். வலிக்கு மட்டும்! வார்த்தை மாறினால் நோயும் வேறாக இருக்கலாம் என்பதால்தான் டாக்டர்கள் அப்படித் துருவித் துருவிக் கேட்கிறார்கள்.

நம் அரை மணி நேரத்துக்கு வருவோம். விண் விண்ணென்று தெறித்தால் 'த்ராபிங்'. கத்தியால் குத்துவது போலிருந்தால் 'ஸ்டாபிங்'. மின்னல் மாதிரி இடுப்பிலிருந்து காலுக்கு ஓடினால் 'ஷூட்டிங்'. சகோதரி, உங்களுக்கு வேண்டியிருந்தது அநேகமாக இந்த ஒன்றுதான். அதைக் கேட்டிருந்தால் டாக்டரின் யோசனை நரம்பின் பக்கம் திரும்பியிருக்கும். எரிச்சலுக்கு 'பர்னிங்'. நாளெல்லாம் வேலை செய்து கால் உளைகிறதே, அது 'ஏக்'. மரத்துப்போனால் 'நம்ப்', எறும்பு ஊர்வது போலிருந்தால் 'டிங்க்ளிங்'. குரக்குவலி பிடித்து இழுத்தால் 'கிராம்ப்'. தொட்டால் மட்டும் வலிக்கிற இடம் 'டெண்டர்'. இளநீரை டெண்டர் கோக்கனட் என்கிறோமே, அதே இளசான டெண்டர். காண்டிராக்டர்கள் எடுக்கும் டெண்டர் வேறு குடும்பம். அதுவும் சில பேருக்கு வலிக்கும் என்பது தனி விஷயம்.

ஒன்றை மட்டும் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டாவது நினைவில் வையுங்கள். நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்தது போல அழுத்துகிறது, இறுகுகிறது, தோளுக்கும் தாடைக்கும் பரவுகிறது, மூச்சு வாங்குகிறது என்றால், நம் வீட்டுப் பெண்கள் 'காஸ் டிரபிள்' என்று சொல்லிவிட்டு ஓமத் தண்ணீர் குடிக்கிறார்கள். அந்த இரண்டு வார்த்தைகளை மறந்துவிடுங்கள். 'ஹெவி', 'டைட்', 'ப்ரஷர்' என்று சொல்லுங்கள். சொல்லிக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். அது இதயத்தின் குரலாக இருக்கலாம். 'காஸ்' என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டு போனால், கேட்கிறவரும் அதை நம்பிவிடக்கூடும்.

மற்ற நாட்களுக்கு ஒரு சுலபமான யுக்தி உண்டு. 'வெரி' வாயில் வரும்போதெல்லாம் ஒரு கணம் நில்லுங்கள். வெரி டயர்ட் என்பதற்கு 'எக்ஸாஸ்டட்' இருக்கிறது. வெரி ஹங்கிரிக்கு 'ஸ்டார்விங்'. கையைச் சுடுகிற வெந்நீருக்கு 'ஸ்கால்டிங்'. 'மேக்னிஃபிசன்ட்' வீணில்லை. முட்டத்தில் சூரியாஸ்தமனம் பார்க்கும்போது சொல்லலாம். பக்கத்து வீட்டுப் புளிக்குழம்புக்குச் சொல்லிவிடாதீர்கள்.

'நைஸ்' என்பதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். லத்தீனில் 'ஒன்றும் அறியாத' என்ற பொருளில் பிறந்து, பழைய ஆங்கிலத்தில் அசடு என்ற அர்த்தத்தில் வழங்கிய வார்த்தை அது. பிறகு நுட்பமானது என்று பொருள் மாறி, கடைசியில் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. நாம் மட்டும் மாவை 'நைஸாக அரை' என்று சொல்லி, அந்த நுட்பத்தை ஆட்டுக்கல்லுக்குள் காப்பாற்றி வருகிறோம்!

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இடது பக்கம் நீங்கள் அன்று வாயால் சொன்ன தமிழ் வார்த்தை. வலது பக்கம் அதன் ஆங்கில ஜோடி. பத்து வேண்டாம், நாளைக்கு இரண்டு. அகராதியிலிருந்து தமிழுக்கு வராதீர்கள். உங்கள் வாயிலிருந்து அகராதிக்குப் போங்கள்.

அடுத்த வாரம் கோபம். சிணுங்கலில் ஆரம்பித்து ருத்ர தாண்டவம் வரை படிப்படியாக ஏறலாம். அதுவரை வீட்டில் சண்டை போடாமல் காத்திருங்கள்.