சொல்லும் பொருளும்: கை தாழ்ந்தால் வெற்றியா?

தமிழிலே ஒருவனுடைய கை ஓங்கிற்று என்றால், அவன் வெல்கிறான் என்பது பொருள். ஆங்கிலேயரோ, எளிதில் வென்றவனை 'ஹாண்ட்ஸ் டவுண்' வென்றான் என்பர். கைகளைத் தாழ்த்தி வென்றான் என்பது அதன் நேர்ப்பொருள். கை தாழ்ந்தவன் வெல்வதெங்ஙனம் என மாணாக்கர் மயங்குவது இயல்பே. சரணடைதல் என்று பொருளெழுதுவோரும் உளர். சரணடைவோன் கைகளைத் தூக்குகிறான், தாழ்த்துவதில்லை.

இத்தொடர் 19ஆம் நூற்றாண்டிலே குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. ஏப்பிரல் மாதத்தில் நுவரெலியாப் பந்தயத்தைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். போட்டி கடுமையாயின், குதிரையோட்டி கடிவாள வாரை இறுகப் பற்றி, இறுதிவரை குதிரையை உந்துவான். ஏனைய குதிரைகள் வெகுதூரம் பின்தங்கிவிட்டால், எல்லைக்கோட்டை அணுகுமுன்னரே கைகளைத் தாழ்த்தி வாரைத் தளர்த்துவான். கை தாழ்ந்ததால் வெற்றி வரவில்லை. வெற்றி உறுதியானதால் கை தாழ்ந்தது.

ஆகவே, எதிரி நெருங்கவே இயலாத வெற்றிக்குத்தான் இத்தொடர் பொருந்தும். பத்துக்குப் பூச்சியம் என்ற கணக்கில் வென்ற உதைபந்தாட்டக் குழுவுக்குக் கூறலாம். கடைசி நிமிடத்தில் ஒரு கோல் அடித்துத் தப்பிய குழுவுக்குக் கூறலாகாது.

நம் வன்னி வரலாற்றையே நோக்குக. 1803 ஓகஸ்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலிருந்து ஆங்கிலேயரை வெளியேற்றினான். அவ்வாண்டு ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்ததை, ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட கல் கூறும். இரண்டு மாதங்களில் வெற்றி கைமாறிய இப்போரிலே, வாரைத் தளர்த்தும் துணிவு எவனுக்கு வந்திருக்கும்? இங்கே இத்தொடரை எழுதுவோன், ஆங்கிலத்தில் மட்டுமன்று, வரலாற்றிலும் பிழை செய்தவனாவான்.

இன்னுமொன்று. குப்பி விளக்கிலே படித்து, பல மைல் சைக்கிள் மிதித்துப் பள்ளி சென்ற ஒரு மாணவி, மற்றையோரை வெகுவாக விஞ்சி முதலிடம் பெற்றால், இத்தொடர் அவளுக்குப் பொருந்துமா? பொருந்தும். இத்தொடர் போட்டியாளருக்கிடையேயுள்ள தூரத்தை அளப்பது, உழைப்பை அளப்பதன்று. எல்லைக்கோட்டருகே கை தாழ்ந்ததைக் கண்டோர், அதுவரை அக்கை வாரைப் பற்றியிருந்ததை மறத்தலாகாது. அவளது வெற்றியை இத்தொடராற் புகழ்வோர், அவளது உழைப்பையும் அடுத்த வாக்கியத்திலே கூறுவாராக.

மாணாக்கர் இத்தொடர் பொருந்தும் நிகழ்ச்சியொன்றையும் பொருந்தாத நிகழ்ச்சியொன்றையும் தத்தம் ஊரிலிருந்தே தேர்ந்து, வாக்கியமமைத்துப் பழகுக.