கார் சார்ஜருக்கு முன்னாடி ஒரு குழி தோண்டுங்க

போன பொங்கலுக்கு எங்க மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து எலெக்ட்ரிக் காரில் வந்து இறங்கினார். வாசலில் நிறுத்தும்போது பேட்டரியில் பாக்கி 18 சதவீதம். "15 ஆம்ஸ் பிளக் ஒண்ணு இருந்தா போதுங் மாமா, விடியறதுக்குள்ள ஏறிக்கும்" என்றார். கிரைண்டருக்குப் போட்ட பிளக் இருந்தது. ஜன்னல் வழியா ஒயரை விட்டுச் சொருகினால், சார்ஜரில் சிவப்பு விளக்கு. ஏறவே மாட்டேன் என்கிறது.

ஒயரிங் வேலை பார்க்கும் தம்பியைக் கூப்பிட்டேன். குண்டு பல்பை வைத்துப் பார்த்தார். "எர்த் செத்துப்போச்சுங்ணா. பிளக்குக்குள்ளயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயர்ல சேத்து உட்டுர்றேன், உடனே பச்சை எரியும்" என்றார்.

எரியும்தான். ஊரில் பல வீட்டில் இப்படித்தான் எரிகிறது. நான் வேண்டாம் என்றேன்.

காரணம் இருக்கு. நாலு வருஷம் முன்னாடி ஐப்பசி மழையில், எர்த் இல்லாத எங்க மோட்டார் ரூம் தகரக் கதவில் கரண்ட் இறங்கி, கறவை மாடு ஒண்ணு போச்சு. மாடு போன இடத்தில் என் பேத்தி நின்றிருக்கலாம். அந்த நினைப்பு இன்னும் போகலை.

சார்ஜர் எர்த் கேட்பது நம்மைக் காப்பாத்தத்தான். நியூட்ரலோடு சேர்த்துவிட்டால் அதை ஏமாத்துகிறோம். காத்து மழையில் கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் அறுந்தது என்று வையுங்கள். திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் அந்தத் துண்டு ஒயர் வழியா கார் பாடிக்கு வந்துவிடும். கார் ரப்பர் டயரில் நிற்பதால் வெளியே ஒண்ணும் தெரியாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுகிறவருக்குத்தான் தெரியும்.

"அப்ப மோட்டார் ரூம்ல இருந்து இழுத்துக்கலாம், அது ஓசிக் கரண்ட்தானே" என்றார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். அதுவும் வேண்டாம் என்றேன். 1990-லிருந்து நமக்கு இலவசமாக வருவது உழவுக்கான மின்சாரம். வேறு வேலைக்கு எடுத்தால் 2003 மின்சாரச் சட்டம் 126-வது பிரிவில் அபராதம் உண்டு. அதைவிட, 'பம்புசெட்டுக்கு மீட்டர் வை' என்று சொல்கிறவர்கள் கையில் நாமே எதுக்கு ஆதாரம் கொடுக்கணும்?

மறுநாள் சுவரோரம் குழி தோண்டினோம். எட்டடி ஜிஐ குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாத்தி மாத்திப் போட்டு மூடினோம். மெயினிலிருந்து தனியா 4 ஸ்கொயர் செம்பு ஒயர், 20 ஆம்ஸ் எம்சிபி, ஆளுக்கு ஷாக் அடித்தால் சட்டென்று விழும் 30 மில்லி ஆம்ஸ் ஆர்சிசிபி, மழை படாத மூடியோடு ஒரு பிளக். சாயங்காலம் சொருகினோம். பச்சை.

மாப்பிள்ளைக்கு 7.2 கிலோவாட் வால் பாக்ஸ் மாட்ட ஆசை. அது 32 ஆம்ஸ் இழுக்கும். கிட்டத்தட்ட பத்து எச்.பி. மோட்டாரை வீட்டு லைனில் ஓட்டுகிற மாதிரி. அதுக்கு லோடு கூட்டணும், த்ரீ பேஸ் வாங்கணும். மாசம் ஒருதரம் வரும் காருக்கு அது எதுக்கு? 15 ஆம்ஸ் பிளக்கில் மணிக்கு மூணு யூனிட் ஏறும். 30 யூனிட் பேட்டரி காலி ஆகியிருந்தாலும் பத்துப் பதினோரு மணி நேரம். கிராமத்தில் ராத்திரி நீளமானது, கார் தூங்கட்டும்.

ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். கார் மூணு தடவை நிறைந்தால் அது காலி. அந்தக் காசை மாப்பிள்ளையிடம் கேட்டேனா என்று கேட்காதீங்க.

டவுனில் இருக்கிற உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். ஊரில் அப்பா அம்மா வீட்டுக்கு சார்ஜர் வாங்கிக் கொடுப்பது பெரிசில்லை. எந்த கம்பெனி, எத்தனை கிலோவாட், ஆப் இருக்கா என்பதெல்லாம் அப்புறம். முதலில் போன் போட்டு, "அப்பா, நம்ம வீட்டு எர்த் குழிக்குக் கடைசியா எப்ப தண்ணி ஊத்துனீங்க?" என்று கேளுங்க. பதில் சட்டென்று வரலைன்னா, சார்ஜர் காசில் கொஞ்சத்தை அந்தக் குழிக்கு ஒதுக்குங்க. கார் இல்லாத நாளிலும் அது அவங்களைக் காப்பாத்தும்.