கைப்பிடி மண்ணில் பொன்

பகாங் மாநிலத்தின் ரவுப் நகருக்குப் பெயர் வந்த கதையை நம்மில் பலர் கேட்டிருப்போம். அள்ளிய ஒவ்வொரு கைப்பிடி மணலிலும் பொன் இருந்ததாம். கையால் அள்ளுவதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே ஊருக்குப் பெயராகிவிட்டதாம். கேட்க இனிமையான கதைதான். ஆனால், இதை மட்டுமே அடுத்த தலைமுறைக்குச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

ரவுப்பின் பொன் அவ்வளவு எளிதில் கைக்கு வந்துவிடவில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வில்லியம் பிபி 1889இல் தொடங்கிய சுரங்கம் பூமியைக் குடைந்து ஆழமாக இறங்கியது. அதற்கு மின்சாரம் தரவே செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் எழுந்தது. 1955இல் சுரங்கம் மூடப்பட்டது.

அத்தோடு முடிந்ததா? இல்லை. சுரங்கம் விட்டுச்சென்ற கழிவு மண்ணிலும் பொன் மிச்சமிருந்தது. அதைச் சயனைடு கொண்டு பிரித்தெடுக்கும் ஆலை 2009இல் புக்கிட் கோமானில் இயங்கத் தொடங்கியது. உடல்நலத்துக்கு அஞ்சிய குடியிருப்பாளர்கள் நீதிமன்றப் படியேறினார்கள்; 2012இல் கூட்டரசு நீதிமன்றத்திலும் அவர்களுக்குத் தோல்வியே கிட்டியது.

புதையல் கதைகளில் பொன்னை எடுத்தவன் இருப்பான். மண்ணைச் சுமந்தவனும் பக்கத்தில் குடியிருந்தவனும் இருப்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது படித்த நம் கடமை அல்லவா? விடுமுறைக்கு ஊர் திரும்பும் தோழர்களே, பெரியவர்களிடம் பொன் கதை கேளுங்கள். கூடவே, “தோண்டியது யார்? அந்த மண் எங்கே போனது?” என்றும் கேட்டு எழுதி வையுங்கள்.