திடீர் திடீரென்று அணையும் கணனி



அக்குறணையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் மேசையில் இருக்கிறது. மகளுக்கு உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது. வீட்டுக் கணனியோ வேலை நடுவில் 'டப்'பென்று அணைந்துவிடுகிறது. எழுதி முடித்த ஒப்படை இரண்டு தடவை போய்விட்டதாம். கடையில் காட்டினால், "மதர்போர்ட் பழுது, புதிது வாங்குங்கள்" என்றார்களாம். "கணவர் கட்டாரில் கஷ்டப்பட்டு அனுப்பும் பணம், சட்டென்று செலவழிக்க மனம் வரவில்லை" என்று முடித்திருக்கிறார்.

மனம் வராததே நல்லது. முதலில் ஒரு கொப்பி எடுங்கள் சகோதரி. ஒரு வாரத்துக்கு, கணனி அணையும் ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள்: மணி என்ன, போட்டு எவ்வளவு நேரம், அந்நேரம் வீட்டில் வேறென்ன ஓடிக்கொண்டிருந்தது.

போட்டு இருபது, முப்பது நிமிடத்தில் அணைகிறதா? உடனே மறுபடி போட்டால் இன்னும் சீக்கிரம் அணைந்து, ஆறவிட்டுப் போட்டால் ஓடுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் சூடுதான். உள்ளே இருக்கும் புரொசெசர் 100 பாகை செல்சியஸை நெருங்கினால், கருகிப் போகாமலிருக்கக் கணனி தானாகவே நின்றுவிடும். அக்குறணை கொழும்பைப் போல் வேகும் ஊரல்லதான். ஆனாலும் மேசைக்குக் கீழே, சுவரோடு ஒட்டி, கார்பெட் மேல் வைத்த பெட்டிக்குக் காற்று எங்கிருந்து வரும்? பிளக்கைக் கழற்றி, பக்கத் தகட்டைத் திறந்து, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். சிறு விசிறியின் இதழைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் சூடேறினால், புரொசெசர் மேல் பூசிய பசை காய்ந்திருக்கும். அதைப் புதிதாகப் பூசுவது சிறிய வேலை.

நேரம் காலமில்லாமல் அணைந்தால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். எங்கள் வீட்டில் கொப்பியில் எழுதிய பிறகுதான் விளங்கியது, தண்ணீர் மோட்டரைப் போடும் கணத்தில்தான் கணனி போகிறது என்று! மோட்டர் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பல்ப் மங்கும், பழைய பவர் சப்ளை அதைத் தாங்காது. மல்டி பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அதை வீசிவிடுங்கள், அது தீப்பிடிக்கும் வழி.

யூபிஎஸ் இருந்தால் ஒருநாள் அதை விட்டுவிட்டுச் சுவர் பிளக்கிலேயே நேராக மாட்டிப் பாருங்கள். அணையாவிட்டால் குற்றவாளி யூபிஎஸ் பெட்டரிதான். அதன் ஆயுள் மூன்று முதல் ஐந்து வருடம். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததே, அப்படி முழுதாக வடிந்து கிடந்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும்.

சில கடையில் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவைத் திரையில் காட்டிப் பயமுறுத்துவார்கள். ஒழுங்காக மூடாமல் கணனி நின்றது என்று மட்டுமே அது சொல்கிறது. ஏன் நின்றது என்று சொல்லாது. ஆகவே போர்டை மாற்றுமுன், உங்கள் கண்முன்னே வேறொரு பவர் சப்ளையையும் வேறொரு ரெம்மையும் மாட்டி ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். நல்ல திருத்துநர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

ஒன்றை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், தொட்டால் உயிராபத்து.

அக்குறணைக்காரர்களுக்கு இன்னொரு வார்த்தை. பிங்கா ஓயா பெருகினால் நகரில் வெள்ளம் வருவது உங்களுக்குத் தெரியாததல்ல. மழைக்காலத்தில் பெட்டியை உயரத்தில் வையுங்கள். நனைந்துவிட்டால், "வேலை செய்கிறதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்க்காதீர்கள்.

மகளிடம் சொல்லுங்கள்: பத்து நிமிடத்துக்கொரு தரம் சேமிக்கட்டும், பென் டிரைவிலும் ஒரு பிரதி இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து கொப்பியில் எழுதியதை எனக்கு அனுப்புங்கள், பார்த்து எழுதுகிறேன்.