படுக்கையருகே ஒரு பாடநூல்

"முதலில் உடம்பு தேறட்டும், படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." பழவேற்காட்டு மீனவக் குப்பங்களிலிருந்து பிள்ளைகளைச் சிகிச்சைக்கு அழைத்து வரும் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கூறுவது இது. அவர்களின் கவலை நியாயமானதே. ஆயினும், இடையில் விட்ட படிப்பு பலருக்கு மீளக் கிடைப்பதில்லை.

1953இல் சென்னையில் பிறந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ், சிறுவயதில் நுரையீரல் நோயால் நெடுநாள் மருத்துவமனையில் இருந்தவர். அவருடைய தாயார் மேகி, மகனுக்காகப் பள்ளி வகுப்பில் அமர்ந்து குறிப்பெடுத்து வந்து பாடம் சொல்லித்தந்தார். உடல் வலுப்பெறவே டென்னிஸ் மட்டை அவர் கைக்கு வந்தது. அச்சிறுவனே பின்னாளில், 1973இலும் 1981இலும் விம்பிள்டன் காலிறுதியை எட்டினார். 2006இல் அவர் நிறுவிய அறக்கட்டளை, நலிந்தோரின் மருத்துவத்துக்கும் கல்விக்கும் உதவுகிறது. அவ்விரண்டையும் பிரித்தல் ஆகாது என்பதே எங்கள் கருத்து.

விடியுமுன் மீன் விற்கச் செல்லும் தாய், வகுப்பில் அமர இயலாதுதான். ஆனால் ஆசிரியரிடம் கேட்டறிந்த பாடம், பக்கத்து வீட்டுத் தோழனின் குறிப்பேடு, மருத்துவர் இசைந்தால் நாள்தோறும் அரைமணி நேரம்: தொடக்கத்துக்கு இவை போதும். அடுத்த முறை வரும்போது, மருந்துச் சீட்டுடன் பாடநூலையும் எடுத்து வாருங்கள்.